பெரட்டில் குரல் கொடுக்காதவர்கள்

"அக்கா, நீங்கள்தான் ஓய்வு பெற்றுவிட்டீர்களே, இனி யாருக்கும் பயப்பட வேண்டாம், உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள்" என்று நம் குழுவின் இளையவர்கள் கேட்டிருக்கிறீர்கள். வேலையில் இருந்தபோதும் நான் யாருக்கும் பயந்தவள் இல்லை. நேரம்தான் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது, எழுதுகிறேன். எந்தக் கட்டளையை எங்கே தட்டுவது, எந்தக் கோப்பை எப்படித் திரட்டுவது என்பதெல்லாம் இதில் வராது. அதையெல்லாம் நீங்கள் என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். கொஞ்சம் வேகம் குறைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் வேலை என்னவென்று என் தங்கைக்கு விளங்கவைக்க எனக்குப் பல வருடம் பிடித்தது. லினக்ஸ் என்று ஆரம்பித்தாலே அவளுக்குத் தலைவலி வரும். கடைசியில் இப்படிச் சொன்னேன். ஈப்போ ஊரைச் சுற்றி ரப்பர் பால்மரக் காட்டை அழித்துத் தாமான் என்று பேர் வைத்துக் குடியிருப்புக் குடியிருப்பாக வீடு கட்டுகிறார்கள் அல்லவா? வாங்குகிறவர் வந்து பார்ப்பதற்கு முன்பே, எந்தச் சுவரில் பிளக் பாயிண்ட், எந்த மூலையில் தண்ணீர்க் குழாய் என்று யாரோ ஒருவர் முடிவு செய்துவிடுகிறார். அந்த யாரோ ஒருவர் நான்தான். கம்ப்யூட்டரின் அடிமனையான கெர்னலில் ஆயிரக்கணக்கான தெரிவுகள் இருக்கின்றன. ஒரு கருவியை இயக்கும் நிரலான டிரைவர்களில் எது எப்போதும் உள்ளே இருக்க வேண்டும், எது தேவைப்பட்டால் மட்டும் எழுந்து வர வேண்டும், எது இருக்கவே கூடாது என்று, நாங்கள் கட்டி எல்லாருக்கும் கொடுக்கும் லினக்ஸ் வழங்கலுக்காக முடிவு செய்வது என் வேலை. விருப்பமுள்ளவர்கள் சுவரை உடைத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சுவரை உடைக்க மாட்டார்கள். பிளக் இல்லாத இடத்தில் கரண்ட் இல்லை என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

"அப்ப நீ செய்யிற தப்பு யாருக்கும் தெரியாதுன்னு சொல்லு" என்றாள் தங்கை. கெட்டிக்காரி. எங்கள் தொழிலின் முழு ஆபத்தையும் ஒரே வரியில் பிடித்துவிட்டாள்.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் வேறொரு நாட்டுக்காரர். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. சேர்ந்த புதிதில், ஒரு பழைய டிரைவரை அணைத்துவிடலாம் என்று மிடுக்காக ஒரு மடல் எழுதினேன். அவர் திருப்பி ஒரே கேள்வி கேட்டார்: "நீ அணைப்பது தவறு என்றால், அது தவறு என்று உனக்கு எப்படித் தெரியவரும்?" தெரியாது என்றுதான் எழுத முடிந்தது. "அப்படியானால் இன்றைக்கு வேண்டாம்" என்று எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அன்று மகா எரிச்சல்.

அந்த எரிச்சல் அடங்கிய பிறகுதான் நம் வழக்கத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடிவதற்குள் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, நடக்கும். தோட்டத்துக் கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவார், வந்தவர்கள் குரல் கொடுப்பார்கள். குரல் கொடுக்காதவருக்கு அன்று வேலை இல்லை. காய்ச்சலா, பிள்ளைக்கு நோவா என்று கிராணி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போய்ப் பார்த்ததாக அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. நம் மின்னஞ்சல் குழுவிலும் அதுதானே நடக்கிறது? "இந்த டிரைவரை யாராவது பயன்படுத்துகிறீர்களா? அணைக்கப் போகிறோம்" என்று ஒரு மடல் போடுகிறோம். சில வாரம் காத்திருக்கிறோம். பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று முடிவு கட்டுகிறோம். மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கப் போன வீட்டில் வேண்டுமானால் செல்லும். அங்கேயே பல நேரம் செல்லாது.

இனி தனலெட்சுமி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈப்போ சிலிபினில் என் தங்கை வீட்டுக்கு அடுத்த வீடு. சிறு வயதிலேயே கண் பார்வை போனவர். நெடுங்காலம் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தார். அந்த வேலை மெஷினுக்குப் போன பிறகு, பத்து காஜா என்ற ஊரில் ஒரு தனியார் கிளினிக்கின் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு, கடிதங்களாகத் தட்டிக் கொடுக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டார். அவர் கம்ப்யூட்டருடன் பழைய பெட்டி ஒன்று கம்பி போட்டு இணைந்திருக்கும். திரையில் வரும் எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் பெட்டி. கம்ப்யூட்டர் கண் விழித்த நொடியிலிருந்து பேசத் தொடங்கிவிடும். நாள் முழுக்க அதட்டிக்கொண்டே இருப்பதால் அதற்கு அவர் வைத்த பேர் தவுக்கே. கடை முதலாளியைத்தான் இங்கே அப்படிக் கூப்பிடுவோம். அந்த மாதிரிப் பெட்டியை இப்போது யாரும் செய்வதில்லை. அதைப் பேசவைக்கும் டிரைவர் கெர்னலுக்குள் இருந்தது. அதை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யும் ஆள் பக்கத்து வீட்டுக்காரியின் அக்கா என்பது அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் சந்தேகம் என்றால் கேட்கத் தோதான ஆள், அவ்வளவுதான் நான்.

அந்த டிரைவருக்கும் ஒருமுறை பெரட்டு எடுத்தார்கள். யாரும் குரல் கொடுக்கவில்லை. தனலெட்சுமி அக்கா டாக்டர் கடிதம் தட்டுவாரா, இங்கிலீஷில் எங்கள் அஞ்சல் குழுவைப் படித்துக்கொண்டிருப்பாரா? "ஒரு பயனரை நான் அறிவேன்" என்று நான் எழுதியதால் அது பிழைத்துக் கிடந்தது.

பிறகு ஒருநாள் அதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். சும்மா ஓட்டை இல்லை. பலர் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு மெஷினில் சாதாரண ஆள் யாராவது அந்த டிரைவரைத் தூண்டி எழுப்பினால், அதன் வழியாக மெஷின் முழுவதையும் கைப்பற்றிவிடலாம். டிரைவரை எழுதியவர்கள் எப்போதோ ஒதுங்கிவிட்டார்கள். முறையான திருத்தம் வர வாரக்கணக்கில் ஆகும். எங்கள் குழுத் தலைவர் ஐரோப்பாவில் இருந்தவர், நியாயமான மனிதர். டிரைவரை அடியோடு அணைத்து அப்டேட்டைக் கட்டித் தயாராக வைத்துவிட்டார். குறித்த நாளில், நமக்கு மாலை ஆறு மணி ஆகும்போது, எல்லா வழங்கல்களும் ஒன்றாக வெளியிட வேண்டும். அதுவரை வெளியில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. அதற்குப் பிறகு தாமதிக்கவும் கூடாது, ஏனென்றால் ஓட்டை ஊருக்கே தெரிந்துவிடும்.

எனக்கு உடனே தனலெட்சுமி அக்காவின் நினைவுதான் வந்தது. சில மாதம் முன்பு வேறு ஏதோ கோளாறில் தவுக்கே ஒரு காலைப் பொழுது பேசாமல் போய், கிளினிக்குக் கடிதங்கள் பிந்திவிட்டன. "இன்னொரு தடவ இப்படி ஆனா வேற ஆள பாத்துக்குறோம்னு சொல்லிட்டாங்க லா" என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். அவர் மெஷின் தினமும் விடிகாலையில் தானாகவே அப்டேட்டை வாங்கிக்கொண்டு மறுபடி எழும். அப்படி அமைத்துக் கொடுத்ததும் நான்தான். ஆறு மணிக்கு இது வெளியானால் மறுநாள் காலை அவர் வேலை போகும்.

தலைவரை அழைத்தேன். அடியோடு அணைக்காமல் வேலி போடலாம் என்றேன். டிரைவர் இருக்கட்டும், ஆனால் யார் தூண்டினாலும் எழக்கூடாது. மெஷினின் உடைமையாளர் அனுமதி எழுதிவைத்திருந்தால் மட்டும் எழட்டும். ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களின் மெஷினில், அப்டேட் போடும்போது ஸ்கிரிப்ட் என்கிற ஒரு சின்னக் கட்டளைக் கோப்பு அந்த அனுமதியைத் தானாக எழுதிவிடட்டும்.

"எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?" என்றார்.

"எனக்குத் தெரிந்து ஒருவர்."

"ஒரே ஒருவருக்காகவா?"

"ஒரே ஒருவர் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து ஒருவர் என்றேன். உங்களுக்குத் தெரிந்து எத்தனை பேர்?"

"யாருமில்லை" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். வேறொருவர் என்றால் ஒரு எண்ணைச் சொல்லியிருப்பார்.

இன்னொரு சுலபமான வழி இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இந்த ஆசை வரும். "அக்கா, ரெண்டு மூணு நாளைக்கு அப்டேட் போடாதீங்க" என்று அவர் காதில் சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? நான் ஏன் அதைச் செய்யவில்லை என்றால், வாய் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அது பாதிக் காரணம். மீதி என்னவென்றால், எங்கோ வேறோர் ஊரில் வேறொரு தவுக்கே இருந்தால், அந்த வீட்டுப் பக்கத்தில் என் தங்கை குடியிருக்க மாட்டாள்.

தலைவர் ஒப்புக்கொண்டார், ஆனால் கறாராக. பாதுகாப்பு அப்டேட்டில் ஸ்கிரிப்ட் சேர்ப்பது விஷப்பரீட்சை. உண்மையான பெட்டியில் ஓட்டிப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன், ஆறு மணிக்குள் முடியாவிட்டால் அணைத்ததையே அனுப்புவேன் என்றார். சோதிக்கப் போகும் இடத்தில் காரணம் சொல்லாதே, எதையும் விட்டுவிட்டு வராதே என்றும் சொன்னார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், பூச்சி மெய்யாகவே இருந்தது, அவர் செய்தது சரிதான்.

வெளியிடும் நாள் மதியம் சிலிபினுக்குப் போனேன். ஈப்போ மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"மல்லியா? மழைல காடிய எங்க போட்ட? உள்ள வா லா. சாப்ட்டியா?" என்றார் அக்கா. காரை இங்கே காடி என்போம். குரலைக் கேட்கும் முன்பே செருப்புச் சத்தத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

"சாப்ட்டேன்கா. ஒரு உதவி வேணும். உங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணு போட்டு பாக்கணும். நடுவுல தவுக்கே பேசாம போனாலும் போவாரு. ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

"சொல்ல முடியாதா?"

"சொல்ல முடியாதுக்கா."

அவர் சிரித்தார். "சரி லா, சொல்லாத. டாக்டருங்க லெட்டர்ல யாருக்கு என்னா சீக்குன்னு நான் யார்கிட்டயாச்சும் சொல்றேனா? ஆனா நாளைக்கு காலைல லெட்டர் போவணும். தவுக்கே பேசலன்னா நீதான் கிளினிக்குக்கு போன் போட்டு பேசணும். நான் பேச மாட்டேன்."

அந்தக் கடைசிச் சொல்லில் சிரிப்பு இல்லை. ஒப்புக்கொண்டேன்.

புதிய கெர்னலைப் போட்டு மெஷினை மறுபடி எழுப்பினேன். திரையில் வரிசையாக எழுத்துகள் ஓடின. எல்லா வரியும் நல்ல வரி. ஒரு பிழை இல்லை. கடைசியில் பெயர் கேட்கும் இடத்தில் வந்து அழகாக நின்றது. என் மனம் குளிர்ந்தது. அதே நேரம் மற்ற நாடுகளிலிருந்து சக ஊழியர்களும் தங்கள் மெஷின்களில் ஓட்டிப் பார்த்து, "சரியாக எழுகிறது" என்று செய்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் பழக்க தோஷத்தில் அப்படியே தட்டப் போனேன்.

"ஓடுதா மல்லி?"

"ஓடுதுக்கா. ஸ்கிரீன்ல எல்லாம் சரியா வந்திருச்சு."

அக்கா கொஞ்சம் காத்திருந்தார். விரலை மேசையில் வைத்தபடியே, "எனக்கு வரலையே" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். தவுக்கே வாயே திறக்கவில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை, ஏனென்றால் என் கண் திரையில் இருந்தது. நம்முடைய சோதனைகள் எல்லாம் நம்மைப் போன்றவர்களுக்காக எழுதப்பட்டவை. அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு அது சரி என்று மட்டும்தான் அவை சொல்லும். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஆனால் ஆறு மணி என் அழுகைக்குக் காத்திருக்காது.

காரணம் கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஒருவர் அந்த டிரைவரைப் பயன்படுத்துகிறாரா என்று பார்க்க, அமைப்புகள் எழுதியிருக்கும் கோப்பைப் பார்க்கும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தோம். அதுதான் முறையான இடம். அக்காவின் மெஷினில் அங்கே ஒன்றும் இல்லை. மெஷின் எழும்போதே கெர்னலுக்குக் கொடுக்கப்படும் கட்டளை வரியில், எந்தக் காலத்திலோ யாரோ நல்ல மனிதர் தவுக்கேயை எழுப்பும் சொல்லைச் சேர்த்துவைத்திருந்தார். முறையான இடத்தில் பேர் இல்லாததால் எங்கள் ஸ்கிரிப்ட் அவரை ஆளில்லை என்று தள்ளிவிட்டது. பெரட்டைக் குறை சொன்ன நானே இன்னொரு பெரட்டு எடுத்திருந்தேன்.

தலைவரை அழைத்தேன். "பேசவில்லை" என்றேன். அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. கெர்னலை மறுபடி கட்ட நேரமில்லை, ஆனால் ஸ்கிரிப்டை மாற்றலாம். எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுவதை விட்டுவிடுவோம். அப்டேட் போடும் அந்த நொடியில் டிரைவர் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். ஓடினால் அனுமதி எழுதுவோம். எப்படி வந்தாய், யார் அழைத்தார்கள் என்று கேட்கவேண்டாம் என்றேன்.

"எளிமையாக இருக்கிறது. முதலிலேயே ஏன் தோன்றவில்லை?" என்றார்.

"நாம் இருவரும் படித்தவர்கள். எழுதிவைத்ததைத்தான் முதலில் தேடுவோம்" என்றேன். சிரித்தாரா என்று தெரியவில்லை. ஆறு மணி மாறாது என்று மட்டும் நினைவூட்டினார்.

பழைய கெர்னலுக்குத் திரும்பி, தவுக்கேயைப் பேசவைத்து, போட்டதையெல்லாம் எடுத்துவிட்டு, அப்டேட்டை முதலிலிருந்து போட்டேன். அக்கா இதற்குள் எழுந்து போய் எனக்குத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்து வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்பது கோப்பையை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. மெஷின் அணைந்து எழுந்தது. இந்த முறை நான் திரையைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெட்டி ஒருமுறை கரகரத்தது. பிறகு தவுக்கே தன் வழக்கமான அதட்டலை ஆரம்பித்தார்.

"வந்துட்டாரு" என்றார் அக்கா. கைகளைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கு வேர்த்தே போச்சு லா. இனி நீ ஒண்ணும் போட்டு பாக்க மாட்டல்ல?"

"இல்லக்கா. முடிஞ்சிருச்சு."

சோதித்துப் பார்க்க வைத்ததையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டு, மெஷினைப் பழையபடி வைத்தேன். வேலியோடு அப்டேட் நேரத்துக்கு வெளியானது. அந்தச் செய்தி வந்தபோது நான் காடியில் உட்கார்ந்திருந்தேன், மழை விட்டிருந்தது. அதை இன்னொருமுறை படித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால், எதையும் அணைக்காதே என்று நான் சொல்லமாட்டேன். பிறகு எத்தனையோ டிரைவர்களை அணைத்திருக்கிறேன். பழசையெல்லாம் கட்டிக்கொண்டு அழுதால் எல்லார் வீட்டிலும் ஓட்டைதான் மிஞ்சும். ஆனால் "யாரும் பயன்படுத்தவில்லை" என்று எழுத என் விரல் வரும்போதெல்லாம் அதை அழித்துவிட்டு, "யாரும் என்னிடம் சொல்லவில்லை" என்று எழுதுவேன். எழுதிப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒன்றை அணைப்பது கொஞ்சம் கஷ்டம். அந்தக் கஷ்டத்தோடு அணைத்தால், எங்கே வேலி போதும் என்று கண்ணுக்குத் தெரியும்.

மறுநாள் காலை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோதனையில் பேசியது சரி, விடிகாலையில் மெஷின் தானாக அப்டேட் போட்டு எழுந்தபோதும் பேசியதா? அஞ்சல் குழுவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. அக்காவும் அழைக்கவில்லை. நல்ல சேதி என்றுதான் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். என்னால் முடியவில்லை. பசியாறாமல்கூட சிலிபினுக்குப் போய் அக்கா வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. தவுக்கேயின் குரல் தெரு வரைக்கும் கேட்டது. அக்கா வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிடிபட வேண்டிய அவசியமும் இல்லை, அது என்னிடம் பேசவில்லை. இடையிடையே பெட்டி நிற்கும், விசைப்பலகை படபடக்கும், மறுபடி பெட்டி தொடங்கும். யாரோ ஒருவருடைய நோயைப் பற்றிய கடிதம் பத்து காஜாவுக்கு நேரத்தோடு போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தங்கை துணி காயப்போட வெளியே வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"என்னா இது, காலங்காத்தால அடுத்தவங்க வீட்டு கேட்ல நிக்கிற? உள்ள போவ வேண்டியதுதானே?"

"வேணாம். வேலையா இருக்காங்க."

"அப்ப எதுக்கு வந்த?"

"பெரட்டு எடுக்க வந்தேன்" என்றேன். "ஆள் இருக்காங்க."